ரங்கூன் தாத்தாவின் முகவரி

கணேசனுக்கு வீரம் வருவது வருஷத்துக்கு ஒருமுறைதான். அதுவும் லீவு நாளில் வராது. நைட் ஷிப்டு முடிந்து, பல்கூடத் துலக்காமல் வீட்டுக்குள் நுழையும்போதுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்து தொலைத்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். குடியிருப்பு புதுவாயல் கூட்டு ரோட்டில், வாடகை வீடு. கன்டெய்னர் லாரி போனால் டம்ளர்கள் தாமாகவே அலமாரியை விட்டு இறங்கி வரும். தண்ணீர் வந்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் இருந்தால் தண்ணீர் வராது. மனைவி துர்காதேவியின் அப்பா மணவாளனோ பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் புதிதாக மேல்மாடி கட்டி, மகளும் மருமகனும் வந்து இருக்கட்டும் என்று ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்தார். அந்தப் பேச்சைத்தான் துர்கா காபியோடு சேர்த்து நீட்டினாள்.

"இதப் பாரு துர்கா, எங்க வம்சத்துல எந்த ஆம்பளையும் மாமனார் ஊட்ல குந்திக்கினு சோறு துன்னதில்ல. எங்க தாத்தா தேசப்பன் ரங்கூன்ல சொந்தக் கால்ல நின்னவரு. சொந்த ஊடு, சொந்தக் கடை. அறுபத்தி நாலுல எல்லாத்தையும் புடுங்கிக்கினு கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவரு பேரன் நானு!"

"யாரு சொன்னது?"

"எங்க நைனா."

"அவருக்கு யாரு சொன்னது?"

"தாத்தாதான்."

"தாத்தாவப் பத்தி தாத்தாவே சொன்னாரா? நல்லாருக்குது. எழுத்துல இருக்குதா?"

"இன்னாத்துக்கு எழுத்து?"

"ரங்கூன்ல சொந்த ஊட்ல இருந்தாருன்னு ஒரே ஒரு ரிகார்டு காட்டுங்க. அப்புறம் ஆரணி பேச்சையே எடுக்க மாட்டேன். ஆடிக்குக்கூட அம்மா ஊட்டுக்குப் போவ மாட்டேன். காட்ட முடியலன்னா, மூட்டை கட்டணும்."

"கட்றேன்டி! நான் காட்றேன் பாரு!"

துர்கா சிரித்தாள். பத்து வருஷம் குடித்தனம் செய்தவன் அந்தச் சிரிப்பைக் கண்டதும் உஷாராகியிருக்க வேண்டும். இவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதலில் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ். அதில் கொஞ்சம் விவரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு அலுவலகத்தில் போய் நின்றான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நர்மதா என்ற கிளார்க் அம்மாள்.

"பேரு?"

"தேசப்பன்."

"இறந்த தேதி?"

"அது தெரியாதும்மா. சர்டிபிகேட்டு வந்தா தெரியும்."

"தேதி சொன்னாத்தான் சார் சர்டிபிகேட்டு தேட முடியும்."

"சர்டிபிகேட்டு இருந்தாத்தானேம்மா தேதி தெரியும்?"

"அது நீங்க பாத்துக்கணும்."

"எழுபத்தெட்டோ எழுபத்தொம்பதோ."

"மாசம்?"

"செம மழ பேஞ்சிக்கினு இருந்திச்சாம்."

நர்மதா பேனாவை மூடிவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து மனம் இளகி, "பர்மாவுலேந்து வந்தவருன்னா உதவி கேட்டு மனு குடுத்திருப்பாரு சார். அப்போ இது செங்கல்பட்டு ஜில்லா. அங்க கேளுங்க" என்றாள்.

செங்கல்பட்டு போனான். ஜில்லா பிரிந்தபோது உங்கள் பக்கத்துப் பழைய மனுக் கட்டெல்லாம் திருவள்ளூருக்குப் போய்விட்டது என்றார்கள். திருவள்ளூர் போனான். மனு எழுதிக் கொடு என்றார்கள். எழுதினான். தேசப்பன் யார் என்று கேட்டார்கள். தாத்தா என்றான். தாத்தா என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு அப்பாவின் பள்ளிச் சான்றிதழைத் தேடி பரண் மேல் ஏறினான், தேள் கொட்டியது.

பகலில் அலுவலகம், ராத்திரியில் கம்பெனி. மூன்று வாரத்தில் கண் இரண்டும் கோவைப்பழம். ஆனால் துர்காவைக் குறை சொல்ல முடியாது. தினமும் எலுமிச்சம்பழ சாதம் கட்டிக் கொடுத்தாள்.

"கெடைச்சிதா?"

"நாளைக்கு வரச் சொல்லிக்கிறாங்க. ஒரே பேஜாரு."

"போங்க போங்க. பாதியில விட்டுறாதீங்க."

கடைசியில் அந்த நாள் வந்தது. பதிவறை ஊழியர் அன்புராஜ் பதினெட்டு தும்மல் தும்மியபடி ஒரு கட்டைத் தூக்கி வந்து மேஜையில் போட்டார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் மனுக்கள். தேசப்பன் இருந்தார்! கணேசனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு படித்தான்.

ரங்கூனில் வசித்த முகவரி: மாமனார் அரசப்பன் வீடு, மேல்மாடி.

தொழில்: மாமனார் கடையில் உதவி.

அங்கு வசித்த காலம்: திருமணம் ஆன நாள் முதல்.

இந்தியாவில் குடியேறப் போகும் இடம்: மாமனாரின் சொந்த ஊர்.

கீழே தாத்தாவின் கையெழுத்து. கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஒரு வளைவு வளைத்து, அடியில் கோடு வேறு இழுத்திருந்தார்.

"மனுஷன் நல்லா வாழ்ந்துக்கிறாரு சார்," என்றார் அன்புராஜ், மூக்கைத் துடைத்தபடி. "நகல் சீல் போட்டுத் தரவா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் சீல் விழுந்துவிட்டது.

கணேசன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். தாத்தாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தான். மகனிடம் சொன்ன பொய்யை மனுவிலும் சொல்லியிருக்கக் கூடாதா? பெரியபாளையம் தாண்டியதும் நகலை எட்டாகக் கிழித்துக் காற்றில் விட்டான். ஆரணி வந்ததும், மாமனார் கண்ணில் பட்டுவிடாமல் இருக்க, செருப்பு வார் அறுந்தவன்போல ஸ்டாப் தாண்டும்வரை குனிந்தே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டான்.

"அல்லாம் போச்சி துர்கா. அந்தக் கட்டு மொத்தமும் கரையான் அரிச்சிடுச்சி. ஒரு எழுத்து படிக்க முடியல. ரிகார்டு இருந்து நான் காட்டலன்னாத்தான் தோல்வி. ரிகார்டே இல்லன்னா, பந்தயம் செல்லாது."

"அடப் பாவமே," என்றாள் துர்கா. "சித்திரையில நான் போனப்போ நல்லாத்தானே இருந்திச்சி?"

"நீ... எங்க போன?"

துர்கா உள்ளே போய் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அதே மனு. அதே சீல். தாத்தாவின் அதே வளைவு.

"அடிப்பாவி! கையில வெச்சிக்கினா என்னை மூணு வாரமா அலையவுட்ட?"

"ஆரணின்னா தாத்தா கதை வரும்னு தெரிஞ்சி முன்னாடியே வாங்கி வெச்சேன். நான் காட்டியிருந்தா பொய்னு சொல்லியிருப்பீங்க. இப்போ நீங்களே பாத்துட்டு வந்து பொய் சொல்றீங்க. ஞாயித்துக்கெழம லாரி வருது, உங்க சட்டைய மட்டும் நீங்களே மடிச்சி வெச்சிடுங்க."