ரெண்டே ரெண்டு வயர்

வயரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள் ஒரு வகை. முறையாகப் படித்துவிட்டு, தொடுவதற்கு முன் யோசிக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர்களுக்கு வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒதுங்கியும் போக மாட்டார்கள். அயர்ன் பாக்ஸ், அழைப்பு மணி, மோட்டார் சைக்கிள், எதைக் காட்டினாலும் குனிந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து, "இதுல என்ன இருக்கு? ரெண்டே ரெண்டு வயர்தானே!" என்பார்கள். ஆகவே இவர்களுக்கு ரெண்டேவயர்க்காரர்கள் என்று பெயர் வைப்போம்.

ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் இவர்கள் டெஸ்டர் வைத்திருப்பார்கள். கட்டிங் பிளேயர் இருக்கும், ஆணி அடிப்பதற்கு. வயர் உரிப்பதற்கு? இருக்கவே இருக்கிறது பல். பொருளோடு வரும் விளக்கத்தாளை, "இதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்று சொல்லி மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் சொருகிவிடுவார்கள். எல்லாம் மாட்டி மூடிய பிறகு தரையில் ஒரு ஸ்குரூ மிச்சம் கிடந்தால் கலங்குவார்களா? மாட்டார்கள். "கம்பெனிக்காரன் ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்று கம்பெனியின் தாராள மனசைப் பாராட்டுவார்கள். முக்கியமாக, இவர்கள் தனியாக வேலை செய்யவே மாட்டார்கள். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி.

என் சகலை இந்த இனத்தில் அசல் சரக்கு. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி, அதாவது என் கொழுந்தியாள், மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக வேண்டியிருந்தது. விளையாட்டுக் காரியமில்லை. அவளுக்குப் புது வேலை கிடைத்திருந்தது, விடியற்காலை ஷிப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, லைசென்ஸ் கிடைத்தால்தான் வேலை. ஏற்கெனவே ஒரு தடவை எட்டுப் போடும்போது பாதியில் காலை ஊன்றித் தோற்றிருந்தாள். அதனால் துணி மடிக்கும்போதுகூட விரலால் எட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் பாவம். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் சகலை, வண்டியில் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த இண்டிகேட்டர்கள் நான்கையும் கழற்றினார்.

"எதுக்குங்க? நல்லாத்தானே எரிஞ்சுது?"

"எரிஞ்சா போதுமா? கத்தரிக்கா காய்ச்சுத் தொங்கற மாதிரி இருக்கு. இதோ பாரு, அம்பு மாதிரி புது மாடல். டெஸ்ட் எடுக்கறவர் வண்டியைப் பாத்தே அசந்து போயிடுவாரு. நீ எட்டுப் போடறதைக் கவனிக்கவே மாட்டாரு."

"நாளைக்கு டெஸ்ட்டுங்க!"

"ரெண்டே ரெண்டு வயர்தான். டார்ச்சை எடு."

வண்டி நிறுத்தும் இடம் பட்டப்பகலிலும் இருட்டு. நான் ஒரு பழைய ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். என் சகலை ஹெட்லைட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து, ஒரு வாரம் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி வயர்கள் சரிந்து விழுந்தன. பச்சை, நீலம், சாம்பல், கோடு போட்டது, கோடு போட்டதற்கு மேல் அழுக்குப் போட்டது. புது இண்டிகேட்டரில் மட்டும் அவர் சொன்னபடியே இரண்டு: ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். இதில் எதை எதோடு சேர்ப்பது? நீங்களும் நானும் திகைத்திருப்போம். அவர் திகைக்கவில்லை. "பச்சைக்குள்ள மஞ்சளும் இருக்கு. ரெண்டும் சொந்தம்" என்று உறவுமுறை சொல்லி, பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார்.

"டார்ச்சை இங்க காட்டு. அங்க இல்ல, இங்க. என் மூஞ்சியில எதுக்குக் காட்டற?"

"நீங்கதான் மூஞ்சியை உள்ள விட்டிருக்கீங்க."

முதல் தடவை சாவியைத் திருப்பியதும் 'டப்' என்றது. "ஃபியூஸ் போச்சு" என்றார், பரீட்சையில் பாஸானவர் குரலில். "அப்படின்னா கரண்ட் வருதுன்னு அர்த்தம்." வேறு ஃபியூஸ் போட்டு, இரண்டாவது தடவை இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளியதும் ஹாரன், விட்டு விட்டு, தாளம் தப்பாமல் அலறியது. மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, இண்டிகேட்டர்!" என்றார் இவர்.

மூன்றாவது தடவைக்கு எல்லாவற்றையும் பிரித்து, புதிதாக ஆரம்பித்தார். இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முன் விளக்குகளை மாட்டுவதற்கு வண்டியைப் பார்த்தபடி அதன் எதிரில் உட்கார்ந்தார். தம் இடது கைப்பக்கம் இருந்த விளக்குக்கு இடது வயரைக் கொடுத்தார். பின் விளக்குகளுக்கு வண்டியின் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கேயும் தம் இடது கைப்பக்கம் இருந்ததற்கு இடது வயர். பிறகு மனைவியைச் சுவிட்சை இடப்பக்கம் தள்ளச் சொல்லி, முன்னால் நின்று பார்த்தார். அவருடைய இடது கைப்பக்கம் மினுக்கியது. பின்னால் போய்ப் பார்த்தார். அங்கேயும் அவருடைய இடது கைப்பக்கம் மினுக்கியது. பரம திருப்தி.

"ஏங்க, இவ்வளவு வேகமாவா மினுக்கும்? கண்ணுல தூசி விழுந்த மாதிரி அடிச்சுக்குது!"

"ஸ்போர்ட்ஸ் மாடல்!"

அது ஸ்போர்ட்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. புது விளக்கு மிகக் கொஞ்சம் கரண்ட்தான் இழுக்கும். விளக்கை மினுக்க வைக்கும் பழைய ரிலே, பல்பு போய்விட்டது என்று நினைத்துப் பதறி அடித்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில், வேலிக்கு வெளியே நாங்கள் இருவரும் நின்றோம். என் கொழுந்தியாள் எட்டை அற்புதமாகப் போட்டாள். கால் தரையைத் தொடவில்லை. கடைசியாக, நேராக வந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் சுவிட்சை இடப்பக்கம் தள்ளினாள். எதிரில் நின்ற அதிகாரி கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா! இடது பக்கம்னு சொன்னேன். வலது காட்டற?"

"இடதுதான் சார் போட்டிருக்கேன்."

பின்னால் நின்ற உதவியாளர் குரல் கொடுத்தார். "கரெக்ட்தான் சார், இடதுதான் எரியுது!"

"யோவ், எனக்குக் கண்ணு இல்லையா? வலது!"

"சார், சத்தியமா இடது!"

இருவரும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். முன்னால் வருகிறவனுக்கு ஒரு சேதி, பின்னால் வருகிறவனுக்கு வேறு சேதி. தேர்தலுக்கு நிற்க வேண்டிய வண்டி. என் கொழுந்தியாள் இறங்கி முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கடைசியில் வேலிப்பக்கம் பார்த்தாள். என் சகலை சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். போச்சு, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவள் மறுபடி ஏறினாள். இண்டிகேட்டரை அணைத்தாள். வண்டியை எடுத்து, பழைய காலத்துப் பாணியில் கையை வீசி நீட்டிச் சைகை காட்டி, பிசகாமல் திரும்பி வந்து நின்றாள்.

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "நீங்க பாஸும்மா. வண்டிதான் ஃபெயில்."

"பாத்தியா?" என்றார் என் சகலை, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. "நான் மாத்தி மாட்டினதாலதானே உன்னோட கை சிக்னல் திறமை வெளிய வந்துச்சு?"

அவள் சாவியைத் தன் பையில் போட்டாள். டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வண்டிக்கு எதிரில் உட்கார்ந்து ஹெட்லைட்டைக் கழற்றினாள்.

"இங்க காட்டுங்க. அங்க இல்ல, இங்க."

முன்பக்கம் இடம் மாற வேண்டியவை உண்மையிலேயே இரண்டே இரண்டு வயர்தான். மாற்றினாள். முன்னும் பின்னும் ஒரே பக்கம் மினுக்கின. எனக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது. ஹெட்லைட்டை மூடினாள், தரையில் ஒரு ஸ்குரூ மிச்சம் கிடந்தது. அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருப்பான், மாமா" என்றாள் என்னிடம். பிறகு எங்கள் தலைக்கு மேல் தொங்கிய, எரியாத டியூப்லைட்டை அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆகவே வாசகரே, இது தொற்றக்கூடியது. இதைப் படித்து வந்தபோது நடுவில் எங்கேயாவது, "அட, அந்த ரிலேவை மாத்தினா முடிஞ்சுதே, இதுல என்ன இருக்கு?" என்று உங்கள் மனசு சொன்னதா? சொன்னது அல்லவா? அப்படியானால் உங்களிடம் எனக்குப் பேச்சில்லை. உங்கள் வீட்டாரிடம்தான் ஒரு வார்த்தை: டார்ச்சை ஒளித்து வைத்துவிடுங்கள்.