கூரை பார்க்கப் பறந்த குழு

செர்டாங் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து மண்டபத்தின் கூரை ஒழுகுகிறது என்பதை நிர்வாகக் குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டது. கூட்டம் நடந்ததே அந்த மண்டபத்தில்தான், வெளியே நல்ல மழை, மறுக்க வசதியில்லை. அடுத்த மாதம் குணவதி அக்காவின் மகள் தர்மினிக்கு அங்கேதான் கல்யாணம்.

"மணவறையில சொட்டுச்சுன்னா என் மானமே போயிடும், தலைவரே. எங்க ஒழுகுதுன்னு பாத்து அடைச்சுக் குடுங்கலா," என்று அக்கா கண் கலங்கிக் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது.

தலைவர் சத்தியசீலன் ஆவன செய்வதாக உறுதியளித்தார். ஏணி வைத்து ஏறிப் பார்க்கலாமே என்று துணைச் செயலாளனாகிய நான் சொல்லித் தொலைத்தேன்.

"ஏணியில தலைவர் ஏறுறதா? ஜனங்க கீழேருந்து பாக்குறதா?" என்றார் செயலாளர் முருகையா.

"அப்போ ட்ரோன் விடுவோம் அண்ணே."

"ட்ரோன்ல தலைவர் உக்கார முடியுமா தம்பி?"

ஆகவே கூரையை விமானத்திலிருந்து பார்வையிடுவது என்று முடிவாயிற்று. அந்தச் சமயம் ஊரில் எல்லாருடைய ஃபேஸ்புக்கிலும் விமான ஜன்னலும் இறக்கையும் மேகமுமாக இருந்ததற்கும் இந்த முடிவுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

பினாங்கு விமான நிலையம் எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் வடக்கே அலோர் ஸ்டார் வரைக்கும் போய் கோலாலம்பூர் விமானம் ஏறினால்தான் நம் தோட்டத்துக்கு மேலேயே திரும்பி வரலாம் என்று முருகையா விளக்கினார். வீட்டைப் பார்க்க வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வேன் பிடித்துப் போனோம்.

அடுத்து, எந்த ஜன்னல் என்ற பிரச்சினை. வலப்பக்கம் கடல் அழகாகத் தெரியும், தோட்டம் தெரியாது. இடப்பக்கம் தோட்டம் தெரியும், காலை வெயில் கண்ணைக் குத்தும். நடுப்பகுதியில் உட்கார்ந்தால் இறக்கையை மட்டும்தான் பார்வையிடலாம். கடும் ஆய்வுக்குப் பிறகு, இறக்கைக்கு முன்னால் இடப்பக்க வரிசை தேர்வானது. தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசை ஆசையாய் ஜன்னலோரம் நுழைந்தார்.

"தலைவரே, அது ஓரத்து சீட்டு," என்றார் முருகையா.

தலைவருக்கு முகம் செத்துப்போயிற்று. தீபாவளி விருந்தில் அவரை ஓரத்து நாற்காலியில் போட்டு, பெரிய ரகளையாகி, இனி எந்த நிகழ்ச்சியிலும் தலைவர் நடுவில்தான் அமர வேண்டும் என்று அவரே கொண்டுவந்த தீர்மானம் அமலில் இருந்தது.

ஆகவே தலைவர் நடு சீட்டில் அமர்ந்தார். நடைபாதை ஓரம் முருகையா. ஜன்னலோரம் பொருளாளர் பரஞ்சோதி. பரஞ்சோதி அண்ணனுக்கு உயரம் என்றாலே உயிர் போய்விடும். விமானம் எழும்பியதும் கண்ணை இறுக்க மூடியவர், திறக்கவே இல்லை.

"பரஞ்சோதி, என்ன தெரியுது?"

"எல்லாம் நல்லா இருக்கு தலைவரே."

"நம்ம கூரை வந்துருச்சா?"

"வந்துருச்சு, வந்துருச்சு."

"ஓட்டை ஏதாச்சும்?"

"சத்தியமா ஒண்ணும் தெரியல தலைவரே."

பின்வரிசை ஜன்னலில் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல ஒரே மேகம். தோட்டமும் இல்லை, கூரையும் இல்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மேகத்தோடு எடுத்த என் படத்துக்கு நல்ல தலைப்பு தோன்றிவிட்டது, அதைத் தட்டச்சு செய்வதில் கவனம் போய்விட்டது.

திரும்பி வந்ததும் மண்டபத்தில் பொதுக்கூட்டம். தலைவருக்கு மாலை போட்டார்கள். வான்வழி ஆய்வில் கூரையில் யாதொரு ஓட்டையும் காணப்படவில்லை என்று முருகையா வாசித்தார். எல்லாரும் கை தட்டினோம்.

"அப்போ இந்தத் தண்ணி எங்கேருந்து கொட்டுது?" என்றார் குணவதி அக்கா, தலையைத் துடைத்துக்கொண்டே.

"அது மழைத் தண்ணிம்மா. மழை நம்ம நிர்வாகத்துல வராது," என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

கூரை நல்ல நிலையில் இருப்பதாக நினைப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் முருகையா. குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எல்லாரும் வலது கையைத் தூக்கினோம். கடைசியாகக் குணவதி அக்காவும் தூக்கினார். கல்யாணத்துக்கு மண்டபம் கொடுப்பது நாங்கள்தானே.