ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்

கொருக்குப்பேட்டையில் பொருந்தாத பொருள் என்று ஒன்று கிடையாது. மிக்சி மோட்டாரில் டேபிள் ஃபேன் சுற்றும், ஆட்டோ ஹாரன் சைக்கிளில் அலறும். பொருந்தாவிட்டால் டேப் சுற்று. அதற்கும் மசியாவிட்டால் இன்னும் சுற்று. இந்தத் தத்துவத்தை நம்பித்தான் நான் என் கல்யாணத்தையே பணயம் வைத்தேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அப்புறம் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலையை விட்டேன், சூரத்தில் சாயப்பட்டறையை விட்டேன், கோவாவில் படகை விட்டேன். சில ஊர்களில் சாப்பாடு கிடைத்தது, சில ஊர்களில் தூக்கம் மட்டும். இப்படிப்பட்டவன் ராயபுரத்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால், துறைமுகத்தில் ஒரே கிரேனில் ஆயுசை ஓட்டிய அவள் அப்பா சூசை மாமா என்ன சொல்வார்?

"எத்தையாவது முய்சா முடிச்சிக் காட்டு நைனா. அப்பால பேசலாம்."

மாதா கோயில் திருவிழாவில் நான் போட்டிருந்த பலூன் சுடும் கடைதான் பரீட்சை. கொடி இறங்கும்வரை கடை நடந்தால் பெண். நடுவில் மூட்டை கட்டினால் டாட்டா.

கடையின் கவர்ச்சியே என் ஏர்சாஃப்ட் துப்பாக்கி. பேட்டரியில் மோட்டார் ஓடி, பட்டாணி அளவுப் பிளாஸ்டிக் குண்டுகளைத் துப்பும் விளையாட்டுச் சாமான். கடைசி நாள் சாயங்காலம், மாமா நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன வேளையில், அதன் பேட்டரி செத்தது.

என் தோஸ்து பாஷா ஒரு ரிமோட் கார் பைத்தியம். ஓடிப்போய்க் கேட்டதும் தன் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தான்.

"மாமு, இது ரேஸு பேட்டரி. உன் துப்பாக்கிக்கு ஓவரு பவரு. தாங்குமா?"

"பவரு ஏறினா கூட்டமும் ஏறும்டா!" (அறிவு அப்படி.)

பேட்டரி துப்பாக்கிக்குள் போகவில்லை. வெளியே வைத்துக் கட்டினேன். பிளக் சேரவில்லை. வெட்டி, வயரை முறுக்கினேன். பிறகு டேப். ஒரு முழுச் சுருள். மாவுக்கட்டு போட்ட கால் மாதிரி இருந்தது.

சூசை மாமா கையில் சுண்டலோடு வந்தார். பின்னால் ஸ்டெல்லா.

"இன்னா, கடை ஓடுதா?"

"நீங்களே பாருங்க மாமா," என்று விசையை ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

பலகையில் இருந்த பலூன்கள் மொத்தமும் வெடித்தன. கூட்டம் விசிலடித்தது. நான் குனிந்து வணக்கம் சொன்னேன். (விரலை எடுத்தும் துப்பாக்கி நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏறிய பவரில் உள்ளே விசையின் தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டன என்று பிறகு பாஷா விளக்கினான்.) யார் மேலும் படாமலிருக்க வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். மேலே தகரக் கொட்டகை. குண்டுகள் ஆலங்கட்டி மழையாகத் திரும்பிக் கொட்டின. பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்.

"பேட்டரிய கயட்டுடா பேமானி!" என்று கத்தினான் பாஷா.

எதைக் கழற்றுவது? டேப்பின் நுனியே தெரியவில்லை. பிறாண்டினேன். பேட்டரிச் சூட்டில் டேப்பின் கோந்து இளகி, நாலு விரலையும் கவ்விக்கொண்டது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு எண்ணூர் பக்கம் ஓடிவிட வேண்டும் என்று என் கால்கள் ஏற்கெனவே திரும்பிவிட்டன. கைதான் வரவில்லை; களவு போகாமலிருக்கத் துப்பாக்கியை மேசையோடு சங்கிலியில் பூட்டி வைத்திருந்தேன்.

குண்டுகள் தீர்ந்தன. மேசைக்கு அடியிலிருந்து சூசை மாமா தவழ்ந்து வந்தார். சுண்டலில் பாதி பிளாஸ்டிக். என்னையே வெறித்துப் பார்த்தார்.

"அல்லாரும் ஓடிப்பூட்டானுங்க. இவன் மட்டும் மேல புட்ச்சிகினு கல்லு மாதிரி நின்னான் பாரு! வுடாத ஆளும்மா இவன்."

மாமாவுக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்து, என் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, தலை நிமிராமல் சொன்னாள்: "ஆமா நைனா. வுடவே மாட்டாரு."

இப்போது திருவொற்றியூரில் குடித்தனம். எங்கேயோ வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் பரணிலிருந்து பையை இறக்கினால் ஸ்டெல்லா சண்டை போடுவதில்லை. ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்பைக் கொண்டுவந்து பையின்மேல் வைப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். காரணம் தெரியாத சூசை மாமாவும் கூடவே சிரிப்பார். நான் பையைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுவேன்.