உள்ளே இருப்பவனுக்கு மட்டும் தெரியும் துணி

சிரஞ்சீவி மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை என்பதாலும், அதற்குக் காரணமே நீதான் என்பதாலும், அந்த முறையில் பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். உன் நலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் "லைன் சரியில்லை அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் ஜன்னல். புது வீட்டு முன்னறையில் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல் இருப்பதும், அதன் ஓரத்தில் என் நாற்காலி இருப்பதும், ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே ஆபீஸ் அந்த நாற்காலிதான் என்பதும் உனக்குத் தெரியாததல்ல. பஸ் டிப்போ டிக்கெட் கவுண்ட்டரில் காலமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். வரிசையில் நின்ற ஜனமெல்லாம் பஸ் தாமதமானதற்கு நானே டயரைக் கழற்றிவைத்த மாதிரி என்னை முறைத்தது. இனி யாரும் என்னை முறைக்கக் கூடாது, தேவைப்பட்டால் நான் முறைப்பேன் என்பதுதான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு இருந்த ஒரே ஆசை. அதில் மண்ணைப் போட்டவர் எதிர்வீட்டுக்காரர். தெருவுக்கு அந்தப் பக்கம், இதே இரண்டாம் மாடி, இதே மாதிரி ஜன்னல், இதே மாதிரி நாற்காலி. என் வயதுதான் இருக்கும், தனி ஆள், சோடா பாட்டில் கண்ணாடி. பைனாகுலர் என்று பெயர் வைத்திருக்கிறேன். காலையில் பேப்பரை உதறிக்கொண்டே இங்கே பார்க்கிறார். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இங்கே பார்க்கிறார், தண்ணீர் செடியில் விழாமல் தெருவில் போகிறவன் தலையில் விழுகிறது. மாலையில் ஒரு ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக வாயில் போட்டுக்கொண்டே இங்கே பார்க்கிறார். நான் எப்போது நிமிர்ந்தாலும் மனிதர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். உன் அக்காவிடம் சொன்னால், "நீங்க பாக்காமலா அவர் பாக்குறது உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்கிறாள். குறுக்குக் கேள்வி கேட்பது உங்கள் குடும்பத்து வழக்கம்.

முதலில் பட்டை பட்டையாக மடங்கும் பிளைண்ட்ஸ் மாட்டினோம். அதில் இரண்டு கயிறு. வலது கயிற்றை இழுத்தால் இடது பக்கம் ஏறும், இடது கயிற்றை இழுத்தால் எதுவுமே ஏறாது. கடைசியில் கோணலாகச் சிக்கிக்கொண்டு நின்றது. அதன் வழியாகத் தெருவைப் பார்க்க நானும் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, பிறகு சாப்பாட்டு மேஜையிலும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டு, இழுத்தால் இறங்கி, விட்டால் சுருட்டிக்கொள்ளும் ரகம் ஒன்று வாங்கினோம். அது விடாமலே சுருட்டிக்கொண்டது. போகிற போக்கில் என் மூக்குக்கண்ணாடியையும் அடித்துக்கொண்டு போக, அதை அலமாரியின் மேலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது பைனாகுலர், சுளையை வாயில் வைத்தபடி எழுந்தே நின்று பார்த்தார். உன் அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "இந்த ஜன்னலுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நாற்காலியத் தூக்கிட்டுப் போய் வாஷிங் மெஷின் பக்கத்துல போட்டுடுவேன்." வாஷிங் மெஷின் இருக்கும் இடத்தில் ஜன்னல் கிடையாது. ஒரு சுவரும் ஒரு துடைப்பமும்தான் இருக்கின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ உள்ளே நுழைந்தாய். திரைச்சீலைக் கடைக்காரன் மைத்துனனாக இருக்கும்போது அத்தான் வெளியில் வாங்கலாமா என்று உருகினாய். "விசேஷத் துணி அத்தான். உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய எல்லாம் தெரியும். வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள ஒண்ணுமே தெரியாது. நீங்க பாட்டுக்கு ராஜா மாதிரி உக்காருங்க" என்றாய். பார்சல் வந்தது. சோதிக்காமல் ஒன்றை ஏற்பவன் நான் இல்லை. நல்ல வெயில் நேரத்தில் உன் அக்காவைத் தெருவில் நிற்கவைத்து, திரைக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன், குதித்தேன். ஒன்றுமே தெரியவில்லை என்று மேலே வந்து சொன்னாள். உன்னை அன்று வாயார வாழ்த்தினேன் என்பதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அன்று மாலையிலிருந்து எனக்குச் சுதந்திரம். பொழுது சாய்ந்ததும் தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு, வெறும் பனியனோடு உட்கார்ந்து, கவுண்ட்டரில் இருந்த காலத்தில் பொதுஜனத்திடம் சொல்ல முடியாததையெல்லாம் பைனாகுலரிடம் சொன்னேன். விரலை ஆட்டிச் சொன்னேன். அவர் ஆரஞ்சு உரிப்பது போலவே உரித்துக் காட்டினேன். நாக்கை முழு நீளத்துக்கு நீட்டினேன். தோளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியையும் அங்கேயே செய்தேன், இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்து. அவர் தன் வீட்டு விளக்கடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது மங்கலாகத் தெரிந்தது. பாவம், ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தினமும் இதே கச்சேரி. ஒருநாள் மாலை உன் அக்கா காய்கறிப் பையோடு மூச்சிரைக்க மேலே ஓடி வந்து விளக்கை அணைத்தாள். "லைட்டப் போட்டா தெருமுனை வரைக்கும் சினிமா மாதிரி தெரியுது. கீழ் வீட்டு டீச்சர் எங்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியேன்னு கேக்குறாங்க" என்றாள். மானம் கப்பலேறிவிட்டது. உனக்குப் போன் செய்தால், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "அது பகல்லதான் அத்தான். உள்ள லைட் போட்டா அப்படியே தலைகீழா மாறிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்கிறாய். எந்த எல்லாருக்கும்? பைனாகுலருக்குத் தெரிந்திருக்கிறது, டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது, தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் நீ சொல்லவில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது பார், அதுதான் என்னால் தாங்க முடியாதது. மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் ஜன்னலில் திரை. கம்பளி மாதிரி கனம், காப்பிப்பொடி நிறம், ஒரு இடுக்கு கிடையாது. யாருக்கு எதிராக யார் திரை போடுவது? இந்தத் தெருவிலேயே கௌரவமாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே இப்படியா சாத்துவது? அவர் ஆரஞ்சு உரிக்கும்போதுதான் நான் ரத்த அழுத்த மாத்திரை போடுவது வழக்கம். இப்போது ஆரஞ்சும் தெரியவில்லை, மாத்திரையும் மறந்துபோகிறது. அவர் பேப்பரை மடித்தால்தான் நான் குளிக்கப் போவேன். இப்போது எப்போது குளிப்பது என்றே புரியவில்லை. செடி வேறு வெளியில் கிடந்து வாடுகிறது. எனக்குப் பொழுது போகவில்லை. இதைச் சோகம் என்று உன் அக்கா சொல்கிறாள். இது கோபம். வெறும் கோபம்.

ஆகவே உடனே செய்ய வேண்டியது: உன் கடையில் இருப்பதிலேயே கனமான, வெளிச்சம் துளியும் புகாத துணியை, எதிர்வீட்டுக்காரர் போட்டதைவிட ஒரு பங்கு தடிமனாக அனுப்பி வை. அவர் என்றைக்காவது திரையை விலக்கினால் என் திரை மூடியிருக்க வேண்டும். அப்போது தெரியட்டும் அவருக்கு, எப்படி இருக்கிறதென்று. தாமதித்தால் என் நாற்காலி துடைப்பத்துக்குப் பக்கத்தில் போய்விடும், அந்தப் பாவம் உன்னைச் சேரும்.

மற்றபடி நீயும் குடும்பமும் நீண்ட ஆயுளோடும், நான் அனுபவிக்காத மன நிம்மதியோடும் இருக்க என் ஆசிகள். உன் அக்கா உன்னை விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் எதிர் ஜன்னலில் திரை விலகியது. உள்ளே விளக்கு எரிந்தது. பைனாகுலர், வெறும் பனியனோடு, விளக்குக்கு நேர் கீழே நின்றார். என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். இறக்கை மாதிரி இரண்டு கையையும் விரித்தார், தோள் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, முகம் சுளித்தார். பிறகு நாக்கை நீட்டினார். கடைசியில் ஒரு ஆரஞ்சை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். உன் துணியைக் கழற்றியாகிவிட்டது, உன் அக்கா அதில் தலையணை உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்கிறேன். அந்த மனிதருக்கு நாக்கைச் சரியாக நீட்டவே வரவில்லை. நாளை மாலை விளக்கைப் போட்டு, எப்படி என்று காட்ட வேண்டும்.