அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு வாத்தியம்

மரியாதைக்குரிய மச்சான் அழகுபாண்டி அவர்களுக்கு, திருநகரிலிருந்து தங்கள் தங்கை புருஷன் கருத்தக்கண்ணன் பணிவோடு எழுதுவது. நானும் முத்துச்செல்வியும் உடம்பளவில் சுகம். காதளவில் நான் சுகமில்லை. வாடிப்பட்டியில் தாங்களும், ஏழாம் மாத வயிற்றோடு வந்திருக்கும் தங்கள் மகள் ரோகிணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் தங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும். விஷயமே அவளைப் பற்றியது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனபிறகு, அவள் ஆர்மோனியத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டது தாங்கள் அறிந்ததே. அதன்பிறகு எங்கள் வீட்டில் பாட்டுப் பேச்சே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ரிட்டயரானவள் சும்மா இருப்பாளா? போன மாதம் கூரியரில் சீட்டுக்கட்டு அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு வந்தது. "இதுதாங்க கம்ப்யூட்டரு. இதை வச்சு நானே ஒரு சின்தசைசர் வாத்தியம் செய்யப்போறேன்" என்றாள். தந்தி கிடையாது, துருத்தி கிடையாது, கணக்குப் போட்டே சத்தத்தை உண்டாக்குமாம். "கடையில ரெடிமேடா விக்கிதே" என்றேன். "கடைக்காரன் அஞ்சு விரலுக்குச் செய்றான். எனக்கு மூணுதானே வேலை செய்யுது" என்றாள்.

ஆனால் அதற்குப் பெட்டியாக அவள் எடுத்துக்கொண்டது எங்கள் அஞ்சறைப்பெட்டியை, மச்சான்! கடுகு இருந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு, மிளகு இருந்த இடத்தில் அதே சத்தத்தை நாயனமாகவும் புல்லாங்குழலாகவும் மாற்றுகிற திருகு, மூடியில் மூன்று விரலுக்கு எட்டும்படி பொத்தான்கள். சாமான்களெல்லாம் என் மருந்து டப்பாவுக்குக் குடிவந்து, பிரஷர் மாத்திரையோடு வெந்தயத்தையும் விழுங்கினேன். எவர்சில்வரில் தகடு பட்டதும் பொறி பறந்து எல்லாம் அணைந்துபோனது. அடியில் விரிக்க ரப்பர் வேண்டுமென்று என் புதுச் செருப்பை வெட்டினாள். பிறகு சத்தம் வந்தது, ஆனால் பொத்தானை அமுக்கி நான் ஒரு வாய் காப்பி குடித்தபிறகு வந்தது. கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் வெளியே அனுப்புமாம். சேர்ப்பதைக் குறைத்தாள், சத்தம் உடனே வந்தது, கூடவே எண்ணெயில் தாளிக்கிற மாதிரி பொரிச்சலும் வந்தது. ஃப்ரிட்ஜ் ஓடினால் இதுவும் சேர்ந்து உறுமும் என்று ஃப்ரிட்ஜை அணைத்தாள். தோசைமாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்தது.

ஒருவழியாக எல்லாம் சரியாகி, வியாழக்கிழமை காலை வாசலில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் திருகி வைத்திருந்த ஓசை குப்பை வண்டி ஸ்பீக்கர் மாதிரியே இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பச்சைக் கூடையும் நீலக் கூடையுமாக அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு விருமாண்டி முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு, "அண்ணே, வண்டி எங்கண்ணே?" என்றார். நான் என் மனைவியைக் காட்டினேன்.

எனக்கு மானம் போயிற்று. அவளோ நிமிர்ந்தே பார்க்காமல் ஒரு கும்மிப் பாட்டை எடுத்தாள். மூன்று விரல்தான் மச்சான், எம்புட்டு வேகம்! கூடைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கேட்டார்கள். நிஜமான வண்டி வந்து ஹாரன் அடித்தும் ஒருவர் திரும்பவில்லை. அதை ஓட்டிவந்த பெண் இறங்கிவந்து, "அக்கா, இதை எங்க வண்டிக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க. எங்க பாட்டைக் கேட்டாலே சனம் மூஞ்சியச் சுழிக்குது" என்றார். முத்துச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கூட்டம் கூடுகிறது, காப்பி போடுவது நான். அதுகூடப் போகட்டும். ரோகிணி வளைகாப்பில் தானே வாசிக்கப்போவதாக இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். பந்தலில் ஜெனரேட்டர் ஓடும், இது உறுமும், பொரியும், வந்த சொந்தமெல்லாம் கேலி பேசும். விழுந்து எழுந்த பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன், மச்சான். அந்தச் சிரிப்பு நாலு பேர் முன்னால் போய்விடக் கூடாது. ஆகவே, "மேளக்காரங்களுக்குச் சொல்லியாச்சு தாயி" என்று தாங்கள் அவளிடம் ஒரு பொய் சொல்லிவிட வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ரோகிணி சுகமாகப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை நல்ல கனத்த குரலில் அழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்
கருத்தக்கண்ணன்

பி.கு.: உறையில் எழுதப் பின்கோடு தெரியாமல், யோசனையில்லாமல் அவளிடமே கேட்டுவிட்டேன். கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டாள். திட்டவில்லை. "அம்புட்டுப் பயமா இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க" என்று என் விரலைப் பிடித்துச் சுருதிப் பொத்தானில் வைத்தாள். விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "இதைத் தானா ஒலிக்க வைக்க முடியாதா?" என்றேன். "முடியும். அப்புறம் நீங்க எதுக்கு?" என்றாள். வலது கை அங்கே இருப்பதால் இதை இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுக்கவும். மேளக்காரர் பொய்யெல்லாம் இனி வேண்டாம், மேடையில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். நாங்கள் வாரோம்.