வழிகாட்டிக்கு வழி காட்டுபவர்

வழிகாட்டிக்கு வழிகாட்டி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிநாடு, பெரிய நகரம், எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது என்பதற்காக, உள்ளூர்க்காரர் ஒருவரை நாள் முழுவதற்கும் அமர்த்திக்கொண்டு, அவர் வந்து வணக்கம் சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே அந்த ஊரைச் சுற்றிக்காட்டத் தொடங்கிவிடுகிறவர். கையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருக்கும். வழிகாட்டிக்கு அரை அடி முன்னால் நடப்பார். வழிகாட்டி வலது பக்கம் கை நீட்டினால் இடது பக்கம் பார்ப்பார். கட்டடத்தைப் பார்க்க மாட்டார். கட்டடத்தின் கீழே உள்ள தகவல் பலகையைப் பார்ப்பார், அதில் பிழை ஏதும் இருக்கிறதா என்று.

பிறகு எதற்கு வழிகாட்டி என்கிறீர்களா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டில் இவர் வாயைத் திறந்தால் மகன் காதில் எதையாவது செருகிக்கொள்கிறான், மனைவிக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது, மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டுக்காரர் எதையோ மறந்தவர்போல மறுபடி மேலே ஏறிவிடுகிறார். எட்டு மணி நேரம் எங்கேயும் ஓடிவிட முடியாமல் பக்கத்திலேயே நின்று 'ஆமாம் சார்' சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் வழிகாட்டி.

மாதிரிக்கு என் தங்கை வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். இதைப் படித்தாலும் வேறு யாரைப் பற்றியோ என்றுதான் நினைப்பார். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, நசுங்கியது நிஜம்தானா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். எதற்கெடுத்தாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, ஆதாரம் என்பதே அவர் பெயராகிவிட்டது. நாங்கள் மூவரும் ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போன பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே தயாரானார். முகச்சவரம் செய்யும்போதுகூடக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த நகரத்தைப் பற்றி ஏதாவது வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

என் தங்கை ஒன்றும் படிக்கவில்லை. அவளுக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில், சன்னல் இல்லாத பதிவேட்டு அறையில் அவளுக்கு வேலை. மேஜைக்கு எதிரே ஒரு காலண்டர் படம்: நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பி நிற்கும் பாலம், ஊடே புகுந்து போகும் கப்பல். தேதித்தாள் எப்போதோ தீர்ந்துவிட்டது. படத்தை மட்டும் அவள் யாரையும் கழற்ற விடவில்லை. பதினோரு வருஷமாக, நோயாளிகளின் கோப்புகளிலிருந்து தலையை நிமிர்த்தும்போதெல்லாம் அந்தப் பாலம்தான். பாலம் அந்த நகரத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கும். நாங்கள் போன முதல் மூன்று நாளும் காற்று பலமாக இருக்கிறது என்று திறக்கவில்லை. நாலாவது நாள் வானம் தெளிந்தது. மறுநாள் விடிந்தால் எங்களுக்கு விமானம்.

அந்த நாலாவது நாளுக்குத்தான் வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். நம் மொழி பேசுகிற குடும்பத்துப் பெண். மழைக்கோட்டு, நடந்து நடந்து குதி தேய்ந்த ஷூ. விடுதி வரவேற்பறையில், சோபாவுக்கும் குடை செருகும் வாளிக்கும் நடுவில் வைத்து நேர்முகத் தேர்வு நடந்தது.

"எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க?"

"பொறந்ததே இங்கதான் சார்."

"அப்ப வடக்குப் பக்கம் டிராம் எந்த வருஷம் நிறுத்துனாங்கன்னு தெரிஞ்சிருக்குமே?"

"அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி சார்."

"வருஷம் கேட்டேன்."

தங்கை குறுக்கே வந்தாள். "ஏம்மா, எனக்கு நாலு மணிக்குப் பாலம். அது போதும். மத்தபடி எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

"மூணே முக்காலுக்கு அங்க நிக்கலாம் அக்கா. என் பொறுப்பு."

"மூணு அம்பதுக்குப் போனாப் போதும்" என்றார் ஆதாரம்.

முதலில் கடிகாரக் கோபுரம். "இதுல முந்நூத்திப் பதினோரு படி" என்றாள் வழிகாட்டி. ஆதாரம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் அறிவீர்கள். பரீட்சைத் தாளில் சிவப்புப் பேனாவை வைப்பதற்கு ஒரு நொடி முன்னால் வருகிற சிரிப்பு.

"அது சரி... ஆனா நான் பார்த்த வரைக்கும் முந்நூத்திப் பதிமூணு."

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னா? ஒண்ணு இருக்கணும், இல்லே இருக்கக் கூடாது."

எண்ணப் போய்விட்டார். நாங்கள் மூவரும் கீழே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். வழிகாட்டி ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து, இறங்கி வந்தார்.

"எத்தனை மாப்பிள்ளை?" என்றேன்.

"பதினொண்ணுதான். ஆனா வாசல்ல ரெண்டு கல்லு போட்டிருக்கான் பாருங்க, அதையும் படின்னு கணக்கு வெச்சா நான் சொன்னதுதான் சரி."

பிறகு அருங்காட்சியகம். அங்கே வழிகாட்டி சொன்ன ஒவ்வொன்றுக்கும் "நீங்க சொல்றது ஒரு கருத்து" என்றார். அரசர்களின் தலைமுடியைப் பற்றி எத்தனை கருத்து இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தங்கை படங்களைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

"நேரா போனா கால் மணி நேரம் அக்கா" என்றாள் வழிகாட்டி.

"எதுக்குச் சுத்திட்டு?" என்று கைபேசியை நீட்டினார் ஆதாரம். "இங்க குறுக்கு வழி இருக்கு."

"சார், அது வந்து..."

"நான் வீடியோவுல பார்த்தேன்மா."

குறுக்கு வழி எங்களை ஒரு சலவைக்கூடத்தின் பின்கட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. குழாய்களிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. படுக்கை விரிப்புகளைக் குன்றாகக் குவித்து வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், எங்களை மேலும் கீழும் பார்த்து, துவைக்க வேண்டிய துணி எங்கே என்பதுபோல நின்றாள். எதிரே சுவர்.

"இது வீடியோவுல இல்ல" என்றார் ஆதாரம், சுவரைக் குற்றம்சாட்டும் குரலில்.

திரும்பி, வந்த வழியே ஓடி, குதிரைச் சிலை நிற்கும் சதுக்கத்துக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. அங்கே வினை காத்திருந்தது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தம்பதி, கோப்போடு கம்பீரமாக வந்துகொண்டிருந்த ஆதாரத்தைப் பார்த்து, இந்தக் குதிரை யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார்கள்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஓர் ஒளி இல்லை. கோப்பைத் திறந்தார். குதிரை, குதிரையின் மேல் இருந்தவர், அவருடைய மாமனார், சிலைக்கு வெண்கலம் வந்த கப்பல்... இரண்டு பேர் ஐந்து பேரானார்கள், ஐந்து பேர் பன்னிரண்டு பேரானார்கள். ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டார். குறிப்பு! முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி இறங்கிய கால் வலிக்க வேண்டுமே, அதெல்லாம் இல்லை. பீடத்தின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

மூன்று நாற்பத்தைந்து.

"அக்கா, சாரைக் கூப்பிடவா?"

தங்கை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "வேண்டாம். கூப்பிட்டா, இதோ வரேன்னு இன்னொரு கதை ஆரம்பிப்பாரு. நாம போலாம்."

வழிகாட்டி பீடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கூட்டிட்டு வந்தவரை நடுவுல விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா, என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க அக்கா."

"நானும்தானேம்மா உங்க கூட வந்தவ?" என்றாள் தங்கை.

குரலை உயர்த்தவில்லை. வழிகாட்டி மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "வேகமா நடப்பீங்களா?"

நடையா அது? ஓட்டம். எனக்கு மூட்டு வலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அன்றுதான் பொய்யென்று தெரிந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மணி அடித்தது. தடுப்புகள் இறங்கின. வண்டிகள் நின்றன. பிறகு எங்கள் கண்ணெதிரே சாலையே எழுந்தது, டிரங்குப் பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல, அவசரமே இல்லாமல். நடுவில் போட்டிருந்த வெள்ளைக் கோடு நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நின்றது. யாரோ விட்டுப்போன காகிதக் கப் ஒன்று உச்சியிலிருந்து உருண்டு, துள்ளி, மறுபடி உருண்டு கீழே வந்தது. அது காலண்டரில் இல்லை. தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். கப்பல் போய் முடிகிறவரை வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுவதும் அவள் செய்த வேலையிலேயே நல்ல வேலை அது.

"அந்தக் கப்பை யாரும்மா எடுப்பாங்க?" என்று தங்கை கேட்டாள்.

வழிகாட்டி யோசித்தாள். "தெரியலையே அக்கா."

காலையிலிருந்து சொல்ல முடியாமல் வைத்திருந்த சொல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாலு இருபத்தைந்துக்கு ஆதாரம் வந்து சேர்ந்தார். கோபமா? நாங்கள் காணாமல் போனதையே அவர் அப்போதுதான் கவனித்திருந்தார். "நாளைக்கும் வருவீங்களான்னு கேக்கறாங்க!" என்றார். பிறகு, மூடிப்போய் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த பாலத்தைக் காட்டி, "இங்க பாரு, இது எப்படித் திறக்கும் தெரியுமா? நடுவுல ரெண்டாப் பிரியும்..." என்று தொடங்கினார்.

"அப்படியா?" என்றாள் தங்கை.

அன்பா, இரக்கமா என்று கேட்காதீர்கள். இருபது வருஷப் பழக்கம். முழுவதையும் கேட்டாள். இடையில் ஒரு முறை மட்டும் என் கையைக் கிள்ளினாள்.

கிளம்புமுன் வழிகாட்டி கருத்துப் படிவத்தை நீட்டினாள். ஆதாரம் நெடுநேரம் யோசித்து எழுதினார்: "பொறுமையாகக் கேட்கிறார். பயிற்சி கொடுத்தால் முன்னுக்கு வருவார்."

இவ்வளவும் படித்துவிட்டு, நமக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் சாய்ந்து உட்காரலாம். ஒரு விஷயம் மட்டும். மேலே ஓர் இடத்தில் கோபுரத்தின் படிக்கணக்கை மாற்றி எழுதியிருக்கிறேன். அங்கேயே பிடித்து, "இதை எழுதின அம்மாவுக்குக் கணக்கு தெரியாது" என்று பென்சிலைத் தேடினீர்களா? அல்லது எந்த இடம் என்று பார்க்க இப்போது மேலே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறீர்களா? போய் வாருங்கள், எண்ணுங்கள். போவதற்கு முன் மணி என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு வந்தவர்கள் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறார்களா என்றும்.