சிபாரிசில் கிடைத்த சீடர் நாற்காலி

இயேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்,
16.4.2001

மரியாதைக்குரிய மச்சானுக்கு அருள்பிரகாசம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்; சுகம் என்று எழுதினால் உங்கள் தங்கை அடிப்பாள். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

என் மகள் அம்முவுக்கு நீங்கள் பேசிய சம்பந்தம் முறிந்தது. காரணம் என் கால். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவ, சாமியார் பன்னிரண்டு பேரை உட்காரவைப்பார் அல்லவா, அதில் மாப்பிள்ளையின் அப்பா, டோல்கேட் அரிசி மண்டி ஆசீர்வாதம் அண்ணாச்சியும் ஒருவர் என்று கேள்விப்பட்டு, அவருக்குச் சமமாக நானும் உட்கார்ந்தால் பெண்ணுக்குக் கௌரவம் என்று, உபதேசியாரை இரண்டு மாதம் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நாற்காலி பிடித்தேன். தாழ்மையைக் காட்டுகிற சடங்கு. அந்தத் தாழ்மைக்கும் எனக்குச் சிபாரிசு வேண்டியிருந்தது. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் நிலக்கரி வாரிய கால் என்பதால் கல், தேங்காய் நார், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டு மூன்று நாள் தேய்த்தேன், தோல்தான் வந்தது. நீங்களோ அவர்களிடம் என்னை ஹார்பர் ஆபீஸில் இருக்கிறவர் என்று சொல்லிவைத்திருந்தீர்கள். நானும் தலையாட்டியிருந்தேன்.

பிரசங்கம் அருமை. உலகம் முதலிடத்தைத் தேடும், ஆண்டவரின் சீடன் கடைசி இடத்தைத் தேடுவான் என்றார் சாமியார். முதல் வரிசைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு என் காலில் தண்ணீர் ஊற்றினார். வெடிப்புக்குள் இருந்த கரியெல்லாம் கோயிலே பார்க்கத் தாம்பாளத்தில் இறங்கியது. அடுத்த நாற்காலி அண்ணாச்சி. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஃபாதர், தண்ணிய மாத்திட்டு வாங்க" என்றார். மாற்றினார்கள் மச்சான். அதுவரை சாமியார் துண்டோடு நின்றார். அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, "ஆபீஸ்னுல்லா சொன்னிய?" என்றார். "ஆபீசுக்கு வெளியில" என்றேன்.

வரும் வழியில் அம்மு, "இன்னா நைனா, நீ ஆபீஸருன்னு எனக்கே சொல்லல?" என்று சிரித்தாள். தெருமுனை வந்ததும் அழுதாள். "கரி வாரித்தானே என்னப் படிக்க வெச்ச, அத்த சொல்ல இன்னா வெக்கம்? உன் காலப் பாத்து மூஞ்சச் சுளிக்கிற வூடு எனக்கு வாணாம்."

உங்கள் தங்கை, "பொண்ணு சொல்ட்டா இல்ல, மூடிக்கினு குந்து" என்றாள்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். அண்ணாச்சி வாசலில் வந்து நின்றாலும் பெண் தரமாட்டேன். கரி வாருகிறவன் மகள் என்று தெரிந்து கேட்கிற இடத்தில்தான் கொடுப்பேன். ஐம்பத்து மூன்று வயதுவரை சிலுவையைக் கழுத்தில் போட்டிருந்தேன், இனிமேல் தோளில்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. ஆண்டவர் உங்கள் வீட்டிலேயே தங்கட்டும். எங்கள் வீட்டில் இட நெருக்கடி.

இப்படிக்கு,
அருள்பிரகாசம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அண்ணாச்சி வீட்டு ஆள் வந்துபோனார். சம்பந்தத்துக்குச் சம்மதமாம். கல்யாணத்தன்று தகப்பன் பெண்ணைப் பீடம்வரை கைப்பிடித்து அழைத்துவருவான் அல்லவா, அது மட்டும் ரயில்வே ஆபீஸர் மாமாவாக, அதாவது நீங்களாக, இருக்கட்டும் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அம்முவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே வந்து சொல்லுங்கள்.